வெள்ளி துலக்கிய சாயங்காலங்கள்

மீனாட்சி கோயிலில் சித்திரைக் கொடி ஏறிவிட்டால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இரண்டு வேலை நடக்கும். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வரப்போகிற ஊர்ச்சனம் படுத்தெழப் பாய்களை உதறி மொட்டை மாடியில் வெயில் காட்டுவது ஒன்று. பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கி, உள்ளே இருக்கிற வெள்ளிச் சாமான்களைத் துலக்குவது இன்னொன்று. திருக்கல்யாணத்தன்று மீனாட்சிக்குத் திருமாங்கல்யம் ஏறுகிற நேரத்தில் மதுரைப் பெண்கள் தங்கள் தாலிக்கயிற்றை மாற்றிக்கொள்வது வழக்கம் என்பதால், கழுத்துக்குப் புதுக்கயிறு வரும்போது காலில் மட்டும் கறுத்த கொலுசு கிடக்கலாமா என்பது அப்பத்தாவின் வாதம். அதற்கு வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேசி நான் கேட்டதில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்திருக்கும். நகைக்கடையில் சுற்றிக்கொடுத்த ரோஸ் நிறத் தாள் நைந்து கிழியும் வரை அதிலேயே கிடக்கிற கொலுசுகள், ஜோடி தவறிய மெட்டிகள், ஏதோ ஒரு பிள்ளை வளர்ந்ததும் கழற்றிப் போட்ட அரணாக்கொடி, பாலாடை, குங்குமச்சிமிழ், கல்யாணம் காதுகுத்து என்றால் மட்டும் வெளியே வருகிற பன்னீர்ச்செம்பும் சந்தனக் கிண்ணமும். தாளைப் பிரித்ததும் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் அப்படி இருக்காது. விரல் அடிக்கடி படுகிற விளிம்பில் வெளிறிய மஞ்சள், அதை ஒட்டித் தேன் நிறம், இன்னும் உள்ளே போனால் ஊதாவும் மயில்கழுத்து நீலமும் கலந்த மினுக்கம், பூவேலைப்பாட்டின் குழிகளில் மட்டும் அடர்ந்த கறுப்பு. காற்றில் இருக்கிற கந்தக வாயு வெள்ளியோடு கூடி சில்வர் சல்ஃபைடு என்கிற படலமாகப் படிகிறது என்பதும், அந்தப் படலம் எங்கே எவ்வளவு கனமோ அதற்குத் தக்கபடி ஒளி பட்டுத் திரும்பி நிறம் மாறுகிறது என்பதும் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. அந்த வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நீலம் அழகாக இருந்தது, அதைத்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் தேய்த்து அழிக்கப் போகிறார்கள் என்பதுதான்.

செவ்வாயும் வெள்ளியும் விளக்குத் துலக்கக்கூடாது என்பதால் வியாழக்கிழமை சாயங்காலம் என்று நாள் குறித்துவிடுவார்கள். முதல்நாள் ராத்திரியே பூந்திக்கொட்டை ஊறியாக வேண்டும். கீழமாசி வீதிப் பக்கம் நாட்டுமருந்துக் கடையில் பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதை வாங்கி வருவது என் பொறுப்பு. கொட்டையைத் தட்டி உள்ளே இருக்கிற கறுப்பு விதையை எடுத்துவிட்டால், அந்த விதைகளும் என் பொறுப்பு. கோலிக்குண்டு தொலைந்துபோன நாட்களில் கைகொடுத்தவை அவை. தோலை வெந்நீரில் போட்டு மூடி வைத்தால் விடிந்ததும் தண்ணீர் பால் விடாத டீயின் நிறத்துக்கு வந்திருக்கும். கையை விட்டுக் கசக்கினால் பாத்திரம் கொள்ளாமல் பொங்குகிற அந்த நுரையும், லேசாகப் புளித்த அதன் வாசனையும், நுரையோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு அலறுகிற தங்கச்சியும் இல்லாமல் எனக்கு அந்த வேலையை நினைக்கவே முடியவில்லை.

முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எல்லோரும் உட்காருவோம். அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் போகப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் முதல் முழுக்கு. கொலுசின் கண்ணிகளுக்கு நடுவே பழைய டூத் பிரஷ். அதற்குமேல் கறுப்பை எடுக்க விபூதி. குங்குமச்சிமிழும் விளக்கும் அப்பத்தாவின் கைக்கு மட்டும். மெல்லிசான பழைய வேட்டித் துண்டில் விபூதியைத் தொட்டுக்கொண்டு, ஒரே திசையில், மூச்சு விடுகிற நிதானத்தில் தேய்ப்பாள். நாங்கள் அவசரத்தில் அழுத்தினால் பார்க்காமலே தெரிந்துவிடும். “பையத் தேயிடா, வெள்ளி தேஞ்சுபோகும்” என்பாள். விபூதி தீர்ந்தால் கோபால் பல்பொடி; மதுரையில் தயாராகி இலங்கை வானொலி விளம்பரத்தின் வழியாக ஊர் உலகமெல்லாம் பேர் வாங்கிய அந்த ரோஸ் நிறப் பொடி, எங்கள் பற்களோடு அத்தையின் மெட்டிகளையும் துலக்கிக் கொடுத்தது. கொலுசை அலசி உதறும்போது அதுவரை அழுக்கும் சோப்பும் அடைத்துக் கிடந்த மணிகள் மெல்ல வாய் திறக்கும். முதலில் ஒன்று, அப்புறம் நாலைந்து, கடைசியில் எல்லாம் சேர்ந்து. அந்தச் சத்தம் திரும்பி வருவதற்காகத்தான் அலசுகிற வேலையை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். ஒவ்வொரு சாமானும் பெட்டியிலிருந்து வெளியே வரும்போது தன் கதையோடு வரும். அப்பத்தாவின் தண்டை, ராஜா தலை போட்ட ரூபாய்களை உருக்கிச் செய்தது. 1940க்கு முன்னால் அச்சடித்த ரூபாய் ஒரு தோலா எடை, அதாவது 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. யுத்தம் வந்ததும் அதைப் பாதியாகக் குறைத்தார்கள். 1947-ல் நிக்கல் ரூபாய் வந்து, புழக்கத்து ரூபாயில் வெள்ளியே இல்லாமல் போயிற்று. இந்தக் கணக்கெல்லாம் அப்பத்தாவுக்குத் தெரியாது; ஆனால் நல்ல ரூபாயையும் யுத்தக்காலத்து ரூபாயையும் கல்லில் போட்டுச் சத்தத்திலேயே பிரித்துவிடுவாள். அரணாக்கொடி யார் வீட்டுத் தாய்மாமன் சீர், அது என்ன எடை, அந்த எடை குறைந்ததென்று எந்தச் சம்பந்தி எத்தனை வருஷம் முகம் கொடுக்காமல் இருந்தார் என்பதெல்லாம் அந்தத் தொட்டியடியில்தான் எங்கள் காதில் விழுந்தது. ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய கொலுசில் தங்கச்சியுடையது மட்டும் ஏன் சீக்கிரம் கறுக்கிறது என்று கேட்டால், “பிள்ளைக்கு உடம்புச் சூடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுவிடு” என்று அம்மாவுக்கு உத்தரவு போகும். வேர்வையில் இருக்கிற உப்பும் கந்தகச் சத்தும் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்று விஞ்ஞானம் சொல்கிறது. அப்பத்தா சொன்னதும் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

வீட்டில் தீராத கறுப்புக்குத் தெற்கு ஆவணி மூல வீதி இருந்தது. இன்றைக்கும் மதுரையின் நகைக்கடை வீதி அதுதான். கண்ணாடியும் குளிர்சாதனமும் வருவதற்கு முன்னால், அதை ஒட்டிய சந்துகளில் பத்தர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, குமுட்டி அடுப்பில் ஊதுகுழல் வைத்து ஊதிக்கொண்டிருப்பார்கள். எங்கள் பத்தர் கொலுசை வாங்கிக் கரித்தணலில் காட்டி, மங்கிய சிவப்பு ஏறியதும் இடுக்கியால் தூக்கிப் புளித் தண்ணீரில் விடுவார். ‘சுர்’ரென்று ஒரு சத்தம். வெளியே வரும்போது அது சுண்ணாம்பு வெள்ளையாக, பளபளப்பே இல்லாமல் இருக்கும். பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீரைத் தொட்டுப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் ஓர் இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பு போன பாதையில் மட்டும் வெளிச்சம் வழிந்தோடும். பக்கத்தில் இன்னோர் இழுப்பு. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற பையனுக்கு வீட்டுக்குப் போக மனசே வராது.

அந்தப் புளியின் வேலை எனக்குப் புரிய ரொம்ப வருஷம் ஆயிற்று. கலப்பில்லாத வெள்ளி காலில் தாங்காது, வளைந்துவிடும். அதனால் கொலுசு வெள்ளியில் செம்பு சேர்த்திருப்பார்கள். நெருப்பில் மேற்பரப்புச் செம்பு கறுக்கும், புளியின் அமிலம் அந்தக் கறுப்பைக் கரைத்துவிடும், மேலே ஏறக்குறையச் சுத்த வெள்ளி மட்டும் மிஞ்சும். கந்தகத்தால் வந்த கறுப்பைப் புளியால் அப்படிக் கரைக்க முடியாது. வீட்டில் புளி போட்டுத் தேய்த்தால் பித்தளை அண்டா பளிச்சென்று சிரிப்பதும், வெள்ளி அரைமனதாக வெளுப்பதும் இதனால்தான். பத்தருக்கு இது பாடமாகத் தெரியாமல் இருந்திருக்கலாம், கைக்குத் தெரிந்திருந்தது. வேலை முடிந்ததும் பட்டறைத் தரையைக் கூட்டி அந்தக் குப்பையைத் தனியாகச் சேர்த்து வைப்பார், அதில் கலந்திருக்கும் பொன் துகளையும் வெள்ளித் துகளையும் அரித்தெடுப்பதற்கென்றே ஆட்கள் வந்து விலை கொடுத்து வாங்கிப் போவார்கள்.

கொலுசு தயாராகும் வரை அப்பா என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போவார். நடராசருடைய ஐந்து சபைகளில் மதுரைக்கு உரியது வெள்ளியம்பலம். வெள்ளி போர்த்திய மண்டபத்தில், மற்ற ஊர்களில் இடது காலைத் தூக்கி ஆடுகிறவர் இங்கே வலது காலைத் தூக்கி ஆடுகிறார். ஒரே காலில் நின்றால் வலிக்குமே என்று பாண்டியன் கேட்டுக்கொண்டதால் கால் மாற்றினார் என்று திருவிளையாடல் கதை. பட்டறையிலிருந்து நேரே போன எனக்கு அங்கே ஒரே கவலை: இவ்வளவு வெள்ளியையும் யார் துலக்குகிறார்கள், எத்தனை கொட்டை ஊறப்போடுவார்கள்.

பிறகு ஒவ்வொன்றாகப் போயிற்று, எதுவும் சொல்லிக்கொண்டு போகவில்லை. கேஸ் அடுப்பு வந்ததும் விறகடுப்புப் போய், அதோடு சாம்பலும் போயிற்று. துவைக்கிற சோப்பும் தலைக்கு ஷாம்பூவும் வந்ததும் பூந்திக்கொட்டையும் சீயக்காயும் பட்டியலிலிருந்து நழுவின. முற்றத்தின் மேல் கம்பி போட்டு, கம்பிக்கு மேல் தகடு போட்டு, தொட்டி இருந்த இடத்தில் வாஷிங் மெஷின் உட்கார்ந்தது. பல்பொடி பேஸ்ட்டானது, அதையும் வெள்ளியில் தேய்த்துப் பார்த்தோம். அப்புறம் முக்கி எடுக்கிற திரவம் பாட்டிலில் வந்தது; தயோயூரியாவும் அமிலமும் சேர்ந்த அந்தத் தண்ணீரில் நொடியில் கறுப்புக் கரையும், அதிக நேரம் விட்டால் நகை சோகை பிடித்தாற்போல் வெளிறிவிடும்.

இப்போது எங்கள் வீட்டில் வெள்ளி துலக்குகிறவள் தங்கச்சி மகள். அலுமினியத் தாளை ஒரு பாத்திரத்தில் விரித்து, கொலுசுகளை அதோடு ஒட்டிக் கிடக்கும்படி பரப்பி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய கரண்டி ஆப்பசோடாவும் கொஞ்சம் உப்பும் என்று போட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஊற்றினாள். சிறுசிறு குமிழ்கள் கிளம்பின. அழுகிய முட்டை வாடை மெல்ல எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. வருஷக்கணக்கில் ஏறிய கறுப்பு, யாரும் தொடாமலே, கண்ணி கண்ணியாக இறங்கித் தாளில் கறையாக ஒட்டிக்கொண்டது. “முடிஞ்சுது மாமா” என்று அலசித் துடைத்து வைத்தாள். அசந்துபோய் நின்றேன்.

அந்தப் பாத்திரத்துக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் வியப்பு இன்னும் கூடும். கந்தகத்தை இழுத்துக்கொள்வதில் வெள்ளியைவிட அலுமினியம் முந்திக்கொள்ளும். இரண்டும் தொட்டுக்கொண்டு சூடான சோடாத் தண்ணீரில் கிடந்தால் ஒரு சின்ன பேட்டரி உண்டாகி, வெள்ளியைப் பிடித்திருந்த கந்தகம் கழன்று போகிறது, கறுப்பாக மாறியிருந்த வெள்ளி திரும்ப வெள்ளியாகவே கொலுசில் தங்கிவிடுகிறது. தேய்த்தெடுக்கும்போது கறுப்போடு அதில் இருக்கிற வெள்ளியும் போய்விடும். இதில் கந்தகம் மட்டும்தான் போகிறது. யோசித்துப் பார்த்தால், இதற்கு வேண்டிய சாமான் அத்தனையும் அப்பத்தாவின் சமையலறையிலேயே இருந்திருக்கிறது. சோறு வடிக்கிற அலுமினியப் பானை, ஆப்பத்துக்குச் சோடா, ஊறுகாய்க்குக் கல்லுப்பு, அடுப்பில் எந்நேரமும் வெந்நீர். ஒரு சாயங்காலம் கொலுசு தவறி அந்தப் பானையில் விழுந்திருந்தால் போதும். தொட்டியடியில் நாங்கள் உட்கார்ந்திருக்கவே வேண்டியிருந்திருக்காது.

விழாமல் இருந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் புது முறைக்குச் சேர வேண்டிய மரியாதையைக் குறைக்க மாட்டேன். கடினத்தை அளக்கிற மோஸ் கணக்கில் வெள்ளி இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவே. ஆற்று மணல் ஏழு. செங்கல்பொடியும் மணலும் பாத்திரம் துலக்குகிற கரகரப்புப் பவுடரும் வெள்ளியைக் கீறாமல் விடாது. விபூதி நைசான சாம்பல் என்பதால் மெதுவாகத் தின்றது, அவ்வளவுதான். எங்கள் குங்குமச்சிமிழின் மூடியில் ஒரு மயில் உண்டு. கழுத்தின் வளைவில் செதில் செதிலாக வெட்டு இருந்ததாம். நான் பார்த்தபோதே அதில் பாதி மழுங்கியிருந்தது. இன்றைக்கு மூடியைச் சாய்த்துப் பிடித்தால் கொண்டை தெரிகிறது, தோகையின் ஓரக்கோடு தெரிகிறது, கண் இருந்த இடம் வெறும் வழவழப்பு. தலைமுறை தலைமுறையாக வியாழக்கிழமைகளில் தேய்த்த விரல்கள் அதைக் கரைத்துவிட்டன. மயிலின் கண் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அது போன விதத்தில் வருத்தம் இல்லை.

தங்கச்சி மகளுக்கு அந்த அரணாக்கொடி எந்த மாமன் போட்டது என்று தெரியாது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீர் ஊற்றி, வாடை அடங்கி, அலசித் துடைக்கிற அந்தச் சிறு பொழுதில் எந்தக் கதையும் அடங்காது; கூட உட்கார ஆளும் தேவைப்படாது. வேலை குறைந்ததென்று சந்தோஷப்பட்ட நாம், வேலையைச் சாக்கிட்டுக் கூடிய கூட்டமும் சேர்ந்தே குறைந்ததை ரொம்பத் தாமதமாகத்தான் கவனித்தோம்.

இதற்கிடையே அவளுடைய சொந்தப் பெட்டியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நாங்கள் உயிரைக் கொடுத்துப் போக்கிய கறுப்பை, காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறாள். ஜிமிக்கி, மூக்குத்தி, பட்டையான காப்பு என்று எல்லாம் ‘ஆக்சிடைஸ்டு’. கந்தகச் சேர்மத்தில் முக்கி, வேண்டுமென்றே கறுப்பேற்றி, மேடுகளை மட்டும் துடைத்து விட்டிருக்கிறார்கள். பையனாக நான் பார்த்து மயங்கிய அந்த நிழல்தான் இன்றைய நாகரிகம்! அதில் பாதி ‘ஜெர்மன் சில்வர்’. பேரில் இருக்கிற வெள்ளி சரக்கில் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். இந்த நகைகளை அலுமினியத் தாளில் போடவே கூடாது, போட்டால் கறுப்போடு அழகும் போய்விடும். முத்து, கல், எனாமல் பதித்தவையும், உள்ளே அரக்கு அடைத்த பழைய காப்புகளும் கொதிநீர் பக்கமே போகக்கூடாது. ரோடியம் முலாம் பூசிய புது வெள்ளியோ எளிதில் கறுக்காது. அதைத் தேய்த்தால் முலாம்தான் போகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. மதுரைக்குள் கிருதுமால் என்று ஒரு நதி ஓடியது. இன்று அது சாக்கடைக் கால்வாய். தேங்கிய சாக்கடையிலிருந்து எழுகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் வெள்ளியைக் கறுக்க வைக்கிற முதல் எதிரி. தீபாவளிப் புகையும் வண்டிப் புகையும் தங்கள் பங்குக்குக் கந்தகத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. சித்திரைக்குத் துலக்கிய விளக்கு ஆடிக்குள் கறுத்துவிட்டதென்று ஒரு வீட்டில் குறைப்பட்டுக்கொண்டால், அந்த வீட்டுப் பக்கத்துக் காற்றையும் ஒரு தரம் முகர்ந்து பார்ப்பது நல்லது. சுவாசிக்கிற நமக்குத் தெரிவதற்கு முன்னால் வெள்ளிக்குத் தெரிந்துவிடுகிறது.

வெள்ளி இப்போது பெட்டியிலும் இல்லை. 2024-ல் கிலோ லட்ச ரூபாயைத் தாண்டியதிலிருந்து அதுவும் தங்கத்தோடு பேங்க் லாக்கருக்குக் குடிபோய்விட்டது. 2025 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து வெள்ளிக்கும் ஹால்மார்க்கோடு ஆறெழுத்து அடையாள எண் வந்திருக்கிறது, கட்டாயமில்லை, கேட்டு வாங்கலாம். சேலத்துக் கொலுசை ‘டச்’, அதாவது வெள்ளியின் தூய்மை, எவ்வளவு என்று கடைக்காரர் சொல்லும் வாக்கை மட்டும் நம்பி வாங்கிய நமக்கு இது நல்ல காலம்தான். 925 என்ற முத்திரை இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி.

ஆனால் லாக்கரில் வெள்ளி நன்றாக இருக்காது. உடுத்துகிற துணியோடும் தோலோடும் உரசிக்கொண்டே இருக்கிற கொலுசு, பூட்டி வைத்த கொலுசைவிட மெதுவாகத்தான் கறுக்கும். அன்றாட நடையே அதற்கு மெருகு. வைத்தே ஆக வேண்டுமென்றால் காற்றுப் புகாத கவரில் ஒரு சாக்பீஸோடு வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், செய்தித்தாளில் சுற்றாதீர்கள், இரண்டுமே வெள்ளியைக் கறுக்க வைக்கும். பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று வாசலில் வந்து நிற்கிற முகம் தெரியாத ஆளிடம் எதையும் கழற்றிக் கொடுக்காதீர்கள். அவர் கொண்டுவருகிற திராவகத்தில் உங்கள் தங்கம் கரைந்து அவரோடு போய்விடும்.

கறுப்பு அதிகமென்றால் அலுமினியத் தாளைப் பயன்படுத்துங்கள், அதுவே வெள்ளிக்கு நல்லது. லேசான மங்கலுக்குப் பூந்திக்கொட்டை போதும். நாட்டுமருந்துக் கடையில் இன்றைக்கும் கிடைக்கிறது. ராத்திரி ஊறப்போடுங்கள். வீட்டில் அப்பத்தாவோ அம்மாச்சியோ இருந்தால் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்து, பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொண்டு, ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து இது யார் கொடுத்தது என்று கேளுங்கள்.